பதினேழாம் எண்ணின் புள்ளிகள்

என் சித்தி பத்தொன்பது வருடம் கடைகளில் விலை எழுதினாள். வாங்குவதற்காக இல்லை, புள்ளிவிவர அலுவலகத்துக்காக. மாதாமாதம் அதே முப்பத்தெட்டுக் கடைகள், அதே இருநூற்றுச் சொச்சம் பொருட்கள். இந்த நிறுவனத்தின் துணி சோப்பு, இந்த எடை, இன்றைக்கு என்ன விலை? முடி வெட்ட என்ன கூலி? குழாய் ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிட்டால் என்ன கேட்கிறான்? விலைவாசி இத்தனை சதவீதம் ஏறியது என்று மாதக் கடைசியில் செய்தியில் ஓர் எண் வருமே, அதில் எங்கள் கடைத்தெருவின் பங்கு முழுக்கச் சித்தியின் கால்களால் வந்தது.

பள்ளிப்படிப்பை முடித்துவிட்டுத் துணி ஆலையில் வெட்டும் பிரிவில் நின்றுகொண்டிருந்தவள் அவள். தற்காலிகக் களப்பணியாளர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போனாளாம். எழுதச் சொல்லிப் பார்த்தார்கள், எவ்வளவு தூரம் நடப்பாய் என்று கேட்டார்கள், அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. வேலை கடைசிவரை தற்காலிகமாகவே இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, "இந்த வருஷமும் என்னைக் கட்டிக்கிட்டாங்க" என்பாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் கேலியை அவள் மட்டும்தான் செய்யலாம்.

கடைத்தெருவில் அவளுக்கு விலையம்மா என்று பெயர். வேலை நேரத்தில் அந்தக் கடைகளில் எதையும் வாங்கக் கூடாது என்பது அலுவலக விதி. அவள் அதை இன்னும் இறுக்கிக்கொண்டு, வேலை இல்லாத நாளிலும் வாங்க மாட்டாள். வீட்டுக்கு ஓர் ஆணி வேண்டுமென்றால்கூட இரண்டு தெரு தள்ளிப் போவாள். இரும்புக் கடைக்காரர் அவளைப் பார்த்ததும், "வந்துட்டாங்கப்பா, வாங்காத வாடிக்கை" என்று உள்ளே குரல் கொடுப்பார்.

பொட்டலத்தின் முன்பக்கத்தை அவள் பார்த்து நான் கண்டதில்லை. எடுத்தவுடன் திருப்பி எடையைத்தான் படிப்பாள். விலை அப்படியே இருக்க ஐந்நூறு கிராம் நானூற்றைம்பது ஆகியிருக்கும். "விலை ஏறலை, பாக்கெட்டு இளைச்சுப்போச்சு" என்று சொல்லி அதைக் குறித்துக்கொள்வாள். அலுவலகக் கணக்கில் அதுவும் விலையேற்றம்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு குறிப்பேடு, அதில் நூலால் கட்டிய பென்சில். மாதத்துக்கு ஒரு குறிப்பேடு தீரும். எங்கள் வீட்டு மாடியில் அவளுக்கு இருந்த ஒற்றை அறையில், அலமாரியின் அடித்தட்டு முழுக்க அந்தக் குறிப்பேடுகள்தான்.

அம்மாவுக்குத் தையல் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அதனால் பள்ளிக்கூட நாட்களில் பாதி வேளை நான் மாடியில்தான் சாப்பிட்டேன். சாப்பிடும்போது சித்தி அன்றைய கடைத்தெருவை ஒப்பிப்பாள். நான் கேட்டும் கேட்காமலும் சாப்பிடுவேன்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். எடுத்த படிப்பு பொருளாதாரம், அதோடு புவியியல் தரவுப் பகுப்பாய்வு. விலை, கூலி, வேலை இதெல்லாம் எந்த இடத்தில் எப்படி மாறுகிறது என்று வரைபடத்தின் மேல் வைத்துப் பார்ப்பது. வீட்டில் யாருக்கும் இது பிடிபடவில்லை. அம்மா அக்கம்பக்கத்தில், "மேப்பு படிக்கிறா" என்று சொல்லி முடித்துவிட்டாள். அன்றிலிருந்து சித்திக்கு நான் மேப்பு. அது என்ன படிப்பு என்று உட்காரவைத்துக் கேட்டவள் அவள் ஒருத்திதான். நான் விளக்கியதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப நான் நடந்து பார்க்கிறதை நீ உக்காந்து பார்க்கப்போற" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. சரியாகப் புரிந்துகொண்டோமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

இரண்டாம் ஆண்டில் விலைக் குறியீட்டு எண் பாடம் வந்தது. அதை நடத்திய விரிவுரையாளர் நல்லவர், கலகலப்பானவர். களத்திலிருந்து வரும் விலைகளை எவ்வளவு நம்பலாம் என்று யாரோ கேட்டதற்கு, பாதி விலை கேன்டீனில் உட்கார்ந்து எழுதியதுதான் என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். என் சித்தி அந்த வேலையில்தான் இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, சொல்லவில்லை. வெட்கப்பட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. சிரிக்கிறவர்கள் பக்கம் உட்கார்ந்திருப்பது அன்றைக்கு எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

இறுதியாண்டு ஆய்வுக்குப் புள்ளிவிவர அலுவலகம் எனக்கு ஒரு கோப்புத் தந்தது. பதினோரு ஊர்கள், நாற்பது களப்பணியாளர்கள், இரண்டு வருட விலைகள். அதற்குள் களப்பணியாளர்களுக்கு டேப்லெட் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு விலையோடும் அது பதிவான நேரமும் இடமும் தானாகச் சேர்ந்துவிடும். சித்திக்கு டேப்லெட் வந்தபோது நான் விடுதியில் இருந்தேன். அவள் அதை எப்படிப் பயன்படுத்துகிறாள் என்று பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை.

யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக அலுவலகம் இரண்டு காரியம் செய்திருந்தது. ஆட்களின் பெயரையும் ஊர்களின் பெயரையும் எடுத்துவிட்டு எண் போட்டிருந்தது. ஒவ்வோர் ஊரின் புள்ளிகளையும் மொத்தமாக ஏதோ ஒரு திசையில் சில கிலோமீட்டர் நகர்த்தி வைத்திருந்தது. கடைகளுக்கு இடையிலான தூரம் மாறாது, ஆனால் அது எந்தத் தெரு என்று தெரியாது. என் திரையில் தெருவும் இல்லை, பெயரும் இல்லை. வெள்ளைப் பரப்பில் புள்ளிகள் மட்டும்தான்.

கடை இருக்கும் இடத்துக்கும் விலை பதிவான இடத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தேன். முக்கால்வாசிப் பேருக்கு ஐம்பது மீட்டருக்குள் இருந்தது. பதினேழாம் எண்ணுக்கு மட்டும் இரண்டு வருடப் பதிவுகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் குவிந்திருந்தன. எந்தக் கடையிலிருந்தும் அது நானூறு, அறுநூறு மீட்டர் தள்ளி. ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து அந்தப் புள்ளிகள் ஒரு சிவப்புத் திட்டு ஆகியிருந்தன. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். விரிவுரையாளர் வேடிக்கையாகச் சொன்னதை நான் அளந்து காட்டிவிட்டேன். அந்தத் திட்டுதான் என் ஆய்வேட்டின் ஆறாவது படம்.

ஒன்று மட்டும் இடித்தது. உட்கார்ந்த இடத்தில் விலையை இட்டுக்கட்டுகிறவர்கள் போன மாத விலையையே திரும்பப் போடுவார்கள், அல்லது பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் எண்ணாகப் போடுவார்கள். அதையும் பார்த்துவிடலாம் என்று ஓர் அட்டவணை போட்டேன். நாற்பது பேரில் அப்படி மிகக் குறைவாகச் செய்தவர் பதினேழாம் எண்தான். பொட்டலத்தின் எடை குறைந்ததை இரண்டு வருடத்தில் ஒன்பது முறை கண்டுபிடித்திருந்தார். மற்ற முப்பத்தொன்பது பேரும் சேர்ந்து கண்டுபிடித்தது நான்கு முறை. அந்த அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்க வரம்பு எண்பது, என்னிடம் எண்பத்திரண்டு இருந்தது. அட்டவணையை எடுத்துவிட்டேன். எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

வழிகாட்டிப் பேராசிரியை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: களத்தில் யாரிடமாவது பேசினாயா? பேசினேன் மேடம் என்றேன். மாடியறைச் சாப்பாட்டுப் பேச்சு நினைவில் இருந்ததால் அது பொய் என்று எனக்கே தோன்றவில்லை. 'களப்பணியாளர்களுடன் முறைசாரா உரையாடல்கள் நடத்தப்பட்டன' என்று இருபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்.

ஆய்வேட்டுக்குத் துறையின் பரிசு கிடைத்தது. கோப்பு வாங்கும்போது போட்ட ஒப்பந்தப்படி ஒரு பிரதி புள்ளிவிவர அலுவலகத்துக்குப் போனது.

பட்டமளிப்புக்குக் காத்திருந்த மாதங்களில் வீட்டுக்கு வந்தபோது சித்தி விலை எழுதப் போவதில்லை. மருத்துவமனை வாசலில் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முட்டி வலி, அதனால் விட்டுவிட்டேன் என்றாள். "இப்ப உக்காந்தே வேலை மேப்பு. ஏன் உக்காந்தேன்னு யாரும் கேக்க மாட்டாங்க." நானும் அம்மாவும் சிரித்தோம். அவளுக்கு முட்டி வலித்து நான் பார்த்ததே இல்லை. அதையும் யோசிக்கவில்லை.

பட்டம் வாங்கி வந்த வாரத்தில், அம்மா கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, சித்தியை ஒரு நல்ல எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போகலாமா என்று கேட்டேன்.

"முட்டியாவது ஒண்ணாவது" என்றாள் அம்மா. "ஆபீஸ்ல கூப்பிட்டு விசாரிச்சாங்களாம். கடைக்குப் போகாமயே விலை எழுதினியான்னு. அவ தபால் ஆபீஸ் பெஞ்சுல உக்காந்துதான் அந்த டேப்லெட்ல ஏத்துவா. இவ புள்ளியெல்லாம் ஒரே எடத்துல குவிஞ்சு கெடக்குன்னு ஏதோ படத்தைக் காட்டியிருக்காங்க. இந்த வருஷம் கையெழுத்து வாங்கலை. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னா. நீதான் அதைப் படிச்சவளாச்சே, அது என்னடி புள்ளி?"

அம்மா உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கையில் என் சட்டை பாதி மடித்தபடி இருந்தது.

நான் உள்ளே போய் மடிக்கணினியைத் திறந்தேன். எங்கள் ஊரின் தெரு வரைபடத்தை அடியில் போட்டு, பதினேழாம் எண்ணின் புள்ளிகளை மேலே வைத்து மெல்ல நகர்த்தினேன். ஓரிடத்தில் எல்லாம் பொருந்தி நின்றது. இரும்புக் கடை, மருந்துக் கடை, முக்கில் எதிரெதிரே இரண்டு மளிகைக் கடைகள், சந்துக்குள் முடிதிருத்தகம். சிவப்புத் திட்டு தபால் அலுவலகத்தின் மேல் போய் உட்கார்ந்தது. இதற்கு நான்கு நிமிடம் ஆனது. நான் வளர்ந்த தெருக்கள் கொஞ்சம் இடம் மாறி ஐந்து மாதம் என் திரையில் கிடந்திருக்கின்றன. பள்ளிக்கூடத்துக்குத் தினமும் அந்த வழியில்தான் நடந்தேன்.

மாடிக்குப் போனேன். சித்தி வேலையிலிருந்து அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஏன் கடையிலேயே நின்று பதியவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அதுவும் ஒரு விசாரணைக் கேள்வி என்று உறைத்தது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். வெயிலில் அந்தத் திரையில் ஒன்றும் தெரியாது. பேட்டரி ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. தபால் அலுவலகத்தில் மின்விசிறி இருக்கிறது, பெஞ்சுக்குப் பக்கத்தில் பிளக் இருக்கிறது, அங்கே இருப்பவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். டேப்லெட்டை வெளியே எடுத்தால் கடைக்காரர்கள் வரி ஆபீஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விற்கிற விலையைச் சொல்லாமல் அச்சடித்த பட்டியலில் இருப்பதை ஒப்பிக்கிறார்கள்.

"பென்சிலைப் பார்த்தா ஒரு விலை சொல்வான், டேப்லெட்டைப் பார்த்தா வேற விலை சொல்வான். எனக்கு எது வேணும்? அதான் பென்சில்ல எழுதிக்கிட்டு அங்க போய் ஏத்தினேன்."

"இதை அவங்ககிட்ட சொல்லலையா சித்தி? குறிப்பேடெல்லாம் இருக்கே. காட்டியிருந்தா முடிஞ்சிருக்குமே."

அவள் அலமாரியைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து என் மடியில் போட்டாள். என் ஆய்வேட்டின் நகல். முகப்பில் என் பெயர், கீழே பல்கலைக்கழகத்தின் பெயர். விசாரணைக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொரு நகல் கொடுத்திருக்கிறார்கள்.

"சொல்லத்தான் வாயைத் தெறந்தேன். இந்த ரிப்போர்ட்டு தப்புங்கறீங்களான்னு அந்த ஆபீசர் கேட்டாரு. அட்டையைத் திருப்பிப் பார்த்தா உன் பேரு. உனக்கு அப்ப பட்டம் குடுக்கலை. நான் தப்புன்னு எழுதிக் குடுத்து, அதை அவங்க அங்க அனுப்பி, பட்டத்தை நிறுத்திட்டாங்கன்னா?"

"அதுக்கெல்லாம் நிறுத்த மாட்டாங்க சித்தி. ஒரு திருத்தம் போடச் சொல்வாங்க. அவ்வளவுதான்."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் யூனிவர்சிட்டிக்குப் போனேனா, எங்கப்பா போனாரா? யாரைக் கேக்கிறது, உன்னையா?"

அவள் நகலை என் மடியிலிருந்து எடுத்துப் பக்கங்களைத் தள்ளினாள். இருபத்து மூன்றாம் பக்கம் மடிக்கப்பட்டிருந்தது. வரியின் மேல் விரலை வைத்து எழுத்துக்கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தாள்.

"முறைசாரா உரையாடல்கள். இது எது மேப்பு? நான் உனக்குச் சாப்பாடு போட்டப்ப பேசினதா?"

நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

"அப்பகூட நீ எங்க கேட்ட? நான்தானே பேசினேன்." நகலை மூடி வைத்தாள். "பதினேழு நான்னு உனக்குத் தெரியாது, சரி. தெரியாத ஒருத்தியா இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏம்மா, அங்க உக்காந்து என்ன பண்றன்னு."



அந்த இரண்டு வருடக் குறிப்பேடுகளைக் கேட்டேன். "இன்னொரு ரிப்போர்ட்டா?" என்றாள். மூன்று நாள் கழித்து, துணிப் பையில் இருபத்து நான்கையும் போட்டுக் கீழே எங்கள் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் கடையில் நின்ற நேரம்கூடக் குறித்திருந்தது. கோப்போடு ஒப்பிட்டேன். ஏறக்குறைய ஐயாயிரம் பதிவுகளில் வேறுபாடு ஏழு. அதில் ஐந்து, நான் அவள் கையெழுத்தைத் தவறாகப் படித்தது. வெட்டியெறிந்த அட்டவணையையும் சேர்த்துப் பதினோரு பக்கத்தில் திருத்தம் எழுதி, பல்கலைக்கழகத்துக்கும் அலுவலகத்துக்கும் அனுப்பினேன்.

பேராசிரியை நூலகப் பிரதியில் அதை இணைத்தார். பரிசைத் திருப்பித் தருகிறேன் என்றதற்கு, அதற்கு வழிமுறை இல்லை என்றார். களத்தில் பேசினேன் என்று அன்றைக்குச் சொன்னாயே என்று ஒரு முறை கேட்டார், அதற்கு மேல் கேட்கவில்லை. அலுவலகத்திலிருந்து இரண்டு வரியில் கடிதம் வந்தது. தங்கள் திருத்தம் பதிவு செய்யப்பட்டது. ஒப்பந்தம் குறித்த முடிவுகள் மறுபரிசீலனைக்கு உரியவை அல்ல. என் ஆய்வை வைத்து அவர்கள் ஏற்கெனவே ஒரு விதி கொண்டுவந்திருந்தார்கள். கடையிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் நின்றால்தான் இனி டேப்லெட் விலையை ஏற்கும்.

கடிதத்தைச் சித்தியிடம் படித்துக் காட்டினேன். "பதிவு பண்ணிட்டாங்கல்ல, அப்புறம் என்ன" என்றாள். அதில் கேலி இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதன் பிறகு அவள் என்னிடம் பேசாமல் இல்லை. சாப்பிடக் கூப்பிடுகிறாள், மேப்பு என்றுதான் கூப்பிடுகிறாள். சாப்பிடும்போது மட்டும் எதையும் ஒப்பிப்பதில்லை. நானாகக் கேட்டால், "டோக்கன்ல என்ன கதை இருக்கு" என்கிறாள்.

போன மாதம் குளியலறைக் குழாய் ஒழுகியது. வாஷர் வாங்க நானும் அவளும் போனோம். பழக்கப்படி இரண்டு தெரு தள்ளிப் போகப் பார்த்தவள், நடுவழியில் நின்று, இனிமேல் என்ன என்று இரும்புக் கடைக்கே திரும்பினாள்.

"வாங்காத வாடிக்கை வாங்க வந்திருக்கு" என்றார் கடைக்காரர். வாஷரைத் தேடிக்கொண்டே, யாரும் கேட்காமல் அவராகச் சொல்லத் தொடங்கினார். ரெண்டு இஞ்ச் ஆணி கிலோவுக்கு நாலு கூடியிருக்கிறது, பெயின்ட் டப்பா நூறு மில்லி இளைத்திருக்கிறது, பூட்டு விலை இறங்கியிருக்கிறது. சித்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வலது கைவிரல்கள் பையின் வாயைத் தடவிவிட்டுத் திரும்பி வந்தன. அவர் சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்தாள்.

"பேரம் பேச மாட்டீங்களா?"

"சொன்ன விலையை எழுதித்தான் பழக்கம்."

அப்போது கழுத்தில் அலுவலக அட்டையோடு ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். டேப்லெட்டை எடுத்ததும் கடைக்காரர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேஜைக்கு அடியிலிருந்து அச்சடித்த பட்டியலை எடுத்து வாசித்தார். அதில் ஆணி கிலோவுக்கு ஒன்பது கூடியிருந்தது.

"அண்ணே" என்றாள் சித்தி, தாழ்ந்த குரலில்.

அவர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு மேலே வாசித்தார்.

வந்தவர் வாசல் படியில் இறங்கி நின்று, திரைக்கு மேல் கையைக் குடைபோல் பிடித்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு எண் தெரியவில்லை. சித்தி படியிறங்கி, அவருக்கும் வெயிலுக்கும் நடுவில் போய் நின்றாள். அவள் நிழல் திரையின் மேல் விழுந்தது. அவர் நன்றி சொல்லி ஒன்பது கூட்டிய விலையைத் தட்டிச் சேமித்தார். டேப்லெட் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு சத்தம் கேட்டது.

அந்தப் புள்ளி யார் வரைபடத்திலும் இம்மி பிசகாமல் இரும்புக் கடையின் மேல்தான் விழும். நான் அவரிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு அவர் பெயர் தெரியாது, எந்த எண் என்றும் தெரியாது. நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் மருந்துக் கடைக்குள் நுழைந்துவிட்டார்.

சித்தி வாஷர் பொட்டலத்தைத் திருப்பி, பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் பைக்குள் போட்டாள். "வா மேப்பு, வெயில் ஏறுது" என்று முன்னால் நடந்தாள்.